பட்டியல் ஒட்டும் முன்: டென்பின் பௌலிங் பிரதிநிதி அணியை நியாயமாகத் தெரிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் யாரிடமாவது "பௌலிங் அணிக்குத் தெரிவு நடக்குது" என்று சொல்லிப் பாருங்கள். "வேகமா, ஸ்பின்னா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கிரிக்கெட் அந்தளவுக்கு ஊறிப்போன ஊர். நான் சொல்வது 60 அடி நீள லேனில் பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் டென்பின் பௌலிங். ஆடுபவர்களும் கொஞ்சப் பேர், லேன்களும் கொஞ்சம். அதனாலேயே தெரிவுச் சண்டை பெரிதாகிவிடுகிறது. கிரிக்கெட்டில் விடுபட்டவர் வேறு கழகத்துக்குப் போய்விடலாம். இங்கே உங்களை விட்டவரும், உங்கள் இடத்தில் போனவரும் அடுத்த கிழமை பக்கத்து லேனில்தான் சப்பாத்து மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவன அணிக்கான தகுதிகாண் போட்டியில் ஆடினேன். இரண்டு நாள், எட்டு கேம். ஐந்து பேர் அணி, புள்ளியில் நான் நான்காவது. பட்டியல் வந்தபோது என் பெயர் இல்லை. கேட்டதற்கு "அணியின் சமநிலை" என்றார்கள். சமநிலை என்றால் என்ன என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்புறம் காலம் போக நானே தெரிவுக்குழுவில் உட்கார்ந்தேன். முதல் வருடமே அதே வேலையைச் செய்தேன், அதே சொல்லையும் பாவித்தேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. விதி எழுதாமல் போட்டியை நடத்திவிட்டு, பெறுபேற்றைப் பார்த்த பிறகு விதியைத் தேடினேன், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்த பின் எழுதும் எந்த விதியும் ஒரு முகத்துக்காக எழுதியதாகத்தான் இருக்கும். கீழே உள்ளதெல்லாம் முதல் பந்து உருளும் முன் எழுதி, எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டியவை.

1. அணி எதற்கு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எங்கே, எந்த வடிவத்தில் ஆடப் போகிறது என்பது தெரியாமல் "சிறந்த ஐவர்" என்று ஒன்று இல்லை. தனிநபர், இருவர், மூவர் போட்டிகள் என்றால் மொத்தப் புள்ளிதான் பேச்சு. பேக்கர் முறை என்றால் கதை வேறு. ஒரு கேமில் பத்துப் பிரேம், அதாவது பின்களைச் சாய்க்கப் பத்து முறை. பேக்கரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரே கேமை ஆடுவார்கள்: முதலாமவர் 1ஆம், 6ஆம் பிரேம்கள், இரண்டாமவர் 2ஆம், 7ஆம் பிரேம்கள், அப்படியே போய் ஐந்தாமவர் 5ஆம், 10ஆம் பிரேம்கள். ஒருவருக்கு ஒரு கேமில் இரண்டே பிரேம். ஓட்டம் பிடிக்க நாலு பிரேம் வேண்டும் என்பவர் அங்கே தடுமாறுவார்.

புள்ளி முறையையும் விசாரியுங்கள். நாம் பழகிய முறையில் ஸ்ட்ரைக்கும் (முதல் பந்திலேயே பத்துப் பின்னும் விழுவது) ஸ்பெயாரும் (மிச்சப் பின்களை இரண்டாம் பந்தில் எடுப்பது) மாறி மாறி வந்தால் சரியாக 200. சில சர்வதேசப் போட்டிகளில் பாவிக்கும் 'நடப்பு பிரேம்' முறையில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் நேரடியாக 30, ஸ்பெயாருக்கு 10உடன் முதல் பந்தில் விழுந்த பின்கள். முதல் பந்தில் 9 விழுந்தது என்று வைத்தால், அதே கேம் 245 ஆகிறது! தொடர் ஸ்ட்ரைக் போடுபவருக்குப் பழைய முறை லாபம், ஆங்காங்கே ஸ்ட்ரைக் போடுபவருக்குப் புதிய முறை லாபம். போகும் இடத்தில் எதுவோ, அதே முறையில்தான் தகுதிகாண் போட்டியும் இருக்க வேண்டும்.

ஹான்டிகேப், அதாவது சராசரி குறைந்தவருக்குக் கூட்டிக்கொடுக்கும் புள்ளி, அந்த விஷயம் ஒரு வரி. நட்பு லீக்கில் (220 − சராசரி) × 90% என்பது போலக் கூட்டிக்கொடுப்பது நல்ல பழக்கம். 160 சராசரிக்காரருக்குக் கேமுக்கு 54 கிடைக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடலாம். பிரதிநிதி அணிக்கு அது வேண்டாம். எதிரணி அந்த 54ஐத் தரப்போவதில்லை.

2. யார் வரலாம், எப்போது வரலாம்

கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது இத்தனை கேம், இன்ன வயது, நிறுவன அணி என்றால் வேலைக் கடிதம், வெளிநாட்டுப் பயணம் என்றால் செல்லுபடியான கடவுச்சீட்டு. இவற்றைத் தவிர வேறு வாசற்படி வைக்காதீர்கள். "அழைக்கப்பட்டவர்கள் மட்டும்" என்ற தகுதிகாண் போட்டி, தெரிவைப் போட்டிக்கு முன்பே நடத்திவிடுகிறது.

அறிவித்தல் ஆறு கிழமைக்கு முன், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போகட்டும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டால் குழுவில் இல்லாதவருக்குத் தெரியாது. குழுவில் இல்லாதவர் பெரும்பாலும் புதியவர்.

திகதி வைப்பதில்தான் கொழும்பு தன் குணத்தைக் காட்டும். போயா (பௌர்ணமி) விடுமுறையில் மையம் திறந்திருக்குமா என்று கேளுங்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் இளையோருக்குப் போட்டி வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் பின்னேரம் ஆறு கேம் ஆடச் சொல்வது நியாயமில்லை. சித்திரைப் புதுவருடத்தில் பாதிப் பேர் ஊரில். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவில் புறப்படும் நாட்களில் எங்கள் ஆட்களில் சிலரைப் பிடிக்கவே முடியாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காலி வீதி நெரிசலுக்கும் ஒரு விதி வேண்டும்: தாமதித்து வந்தவர் அப்போது ஓடும் பிரேமிலிருந்து தொடங்குவார், விட்ட பிரேம்கள் பூச்சியம். கடுமைதான். ஆனால் "அவருக்கு மட்டும் பத்து நிமிஷம் பார்த்தீங்களே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

3. எத்தனை கேம்? கணக்குப் போடாமல் முடிவெடுக்காதீர்கள்

பெரும்பாலான அநியாயம் இங்கேதான் நடக்கிறது, அதுவும் நல்லெண்ணத்தோடு.

ஒரே ஆள் ஒரு கேமில் 205 அடிப்பார், அடுத்ததில் 158. இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு கேமுக்கு 25 பின் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் லீக் தாளை எடுத்து நியம விலகலைக் கணித்தால் உங்கள் ஆட்களின் உண்மையான இலக்கம் கிடைக்கும்.) சராசரியின் தடுமாற்றம் கேம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். 6 கேம் என்றால் 25ஐ 2.45ஆல் வகுக்க, சுமார் 10 பின். 24 கேம் என்றால் சுமார் 5. இரண்டு பேரை ஒப்பிடும்போது இருவரின் தடுமாற்றமும் சேர்வதால் அது இன்னும் 1.4 மடங்கு: 6 கேமில் 14, 24 கேமில் 7.

சொல்ல வருவது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு கேம் ஆடவிட்டு, 181 அடித்தவரை எடுத்து 175 அடித்தவரை வீட்டுக்கு அனுப்பினால் நீங்கள் நாணயம் சுண்டியிருக்கிறீர்கள். அதை நான் இரண்டு வருடம் செய்தேன்.

எனவே குறைந்தது 24 கேம், அவையும் ஒரே நாளில் இல்லாமல் பிரித்து. நான்கு ஞாயிறு, நாளுக்கு ஆறு. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் விரல் வீக்கம் என்று எல்லாம் அதில் அடங்கிவிடும். சிலர் "மோசமான ஒரு நாளைக் கழித்துவிடலாம்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று நாள் பிரமாதமாகவும் ஒரு நாள் படு மோசமாகவும் ஆடுபவருக்கு அது பரிசு. வெளியூரில் அந்த மோசமான நாளைக் கழிக்க யாரும் விடமாட்டார்கள்.

24 கேம் என்றால் காசு. இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம். லேன் கட்டணத்தை ஆடுபவரே கட்ட வேண்டும் என்றால், அணியைப் பாதி தெரிவு செய்வது பணப்பைதான். கழகம் முழுதாக ஏற்க முடியாவிட்டால் முதல் இரண்டு நாளை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அதில் முதல் பன்னிரண்டு பேருக்கு மட்டும் மிச்ச இரண்டு நாளைக் கழகச் செலவில் நடத்தலாம். நாங்கள் செய்து பார்த்ததில் பரவாயில்லாமல் ஓடிய வழி இது. முதல் இரண்டு நாள் புள்ளிகளையும் சேர்த்துத்தான் கணக்கு. பாதியில் பூச்சியத்திலிருந்து தொடங்குவது முன்னால் நின்றவருக்கு அநியாயம்.

4. எண்ணெயும் லேனும்

வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எல்லா லேனும் ஒன்றுதான். ஆடுபவருக்குத் தெரியும், லேனின் முன்பகுதியில் ஏறத்தாழ 40 அடிக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பந்து எண்ணெயில் வழுக்கிப் போய், அது முடிந்த காய்ந்த பகுதியில் பிடித்துத் திரும்பும். வழமையான பூச்சில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்களில் குறைவு. வெளியே போன பந்தைக் காய்ந்த ஓரம் உள்ளே தள்ளும், உள்ளே இழுத்த பந்தை நடு எண்ணெய் தாங்கிப் பிடிக்கும். தவறு மன்னிக்கப்படுகிறது, சராசரி ஊதுகிறது. போட்டிப் பூச்சில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள விகிதம் 3க்கு 1 அல்லது அதற்கும் குறைவு. அங்கே மன்னிப்பு இல்லை. வழமைப் பூச்சில் 190 போடுபவர் போட்டிப் பூச்சில் 165க்கு வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். மையத்தாரிடம் பேசி நான்கில் இரண்டு நாளாவது போட்டிப் பூச்சு போடச் சொல்லுங்கள். அவர்கள் இயந்திரத்தில் என்ன முடியும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள், காலை எட்டு மணிக்குப் போய் நின்று கேட்காதீர்கள்.

எண்ணெய் ஆட ஆட அழிகிறது. பந்து உறிஞ்சிக்கொண்டு போகும், கொஞ்சம் முன்னே இழுத்துக்கொண்டும் போகும். காலை 8.30 குழு புதிய எண்ணெயில் ஆடும், 11 மணிக் குழு உழுத வயலில் ஆடும். ஆட்கள் அதிகமாகி இரண்டு குழு போட வேண்டி வந்தால் இடையில் மீண்டும் எண்ணெய் போடுங்கள். முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு குழுக்களை மாற்றுங்கள். நான்கு நாளில் எல்லோரும் இரண்டு முறை முதலாவதாகவும் இரண்டு முறை இரண்டாவதாகவும் ஆடியிருக்க வேண்டும். ஒவ்வொரு கேம் முடிந்ததும் அடுத்த லேன் சோடிக்கு நகர வேண்டும். ஒருவரே ஒரு நல்ல லேனில் ஆறு கேமும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இடதுகைக்காரர் பிரச்சினை எப்போதும் வரும். பத்துப் பேரில் ஒன்பது பேர் வலது பக்கத்தை உழுதுகொண்டிருக்க, இடது பக்கம் அப்படியே கிடக்கும். "அவனுக்கென்ன, தனி ரோடு" என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும். அது சில நாள் அவருக்குச் சாதகம், சில நாள் பாதகம். அதற்குப் புள்ளி கூட்டவோ கழிக்கவோ போகாதீர்கள்.

லேன் குலுக்கலை எல்லோர் கண் முன்னும் செய்யுங்கள். எங்களுக்கு ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது, மூடி தொலைந்து பல காலம். இலக்கம் எழுதிய சீட்டுகளை மடித்து அதற்குள் போட்டு, ஆட வந்தவர்களில் வயது குறைந்தவர் குலுக்குவார். ஒரு வருடம் நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று முதல் நாள் இரவே கணினியில் குலுக்கிப் பட்டியலாகக் கொண்டுபோனேன். அன்று வந்த முறைப்பாடுகளைப் போல அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. குலுக்கல் நேர்மையானதுதான், ஆனால் யாரும் பார்க்கவில்லையே! அடுத்த ஞாயிறு டின் திரும்பி வந்தது.

5. எண்கள் எவ்வளவு தூரம், மனிதர் எவ்வளவு தூரம்

எல்லாவற்றையும் எண்ணுக்கே விட வேண்டும் என்று ஒரு கட்சி. அனுபவசாலிகளின் கண் போதும் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிக்கு நெருக்கம், ஆனால் முழுதாக இல்லை. ஆறு பேர் அணி என்றால் முதல் நான்கு இடம் மொத்தப் புள்ளிப்படி தானாகவே உள்ளே, அதில் குழு கை வைக்க முடியாது. மிச்ச இரண்டு இடத்துக்கு மட்டும் குழு தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கும் ஒரு வேலி: ஆறாம் இடத்திலிருந்து கேமுக்கு 5 பின்னுக்குள் இருப்பவர்களை மட்டுமே எடுக்கலாம்.

கற்பனையாக ஒரு தாளைப் பார்ப்போம். 24 கேம் முடிவில் முதல் நால்வர் 4512, 4464, 4368, 4320. அவர்கள் உள்ளே. அடுத்து 4251, 4238, 4226, 4103. ஆறாம் இடம் 4238. அதிலிருந்து 120 (24 கேம் × 5) கழித்தால் 4118. எட்டாமவர் 4103, வேலிக்கு வெளியே. அவர் யாருடைய மகனாக இருந்தாலும் பேச்சு முடிந்தது. ஐந்தாமவருக்கும் ஏழாமவருக்கும் 24 கேமில் 25 பின்தான் வித்தியாசம், கேமுக்கு ஒன்று. முன் சொன்ன கணக்குப்படி மூவரும் சமம்.

இப்போதுதான் குழு வாய் திறக்க வேண்டும். போகும் போட்டியில் பேக்கர் முறையும் கடினமான பூச்சும் இருக்கின்றன. அங்கே ஸ்ட்ரைக் குறையும், ஒற்றைப் பின்னை விடாமல் எடுப்பவரே அணியைத் தாங்குவார். ஒற்றைப் பின் நின்றபோது ஐந்தாமவர் 58இல் 36 எடுத்திருக்கிறார், ஆறாமவர் 61இல் 49, ஏழாமவர் 55இல் 43. அதாவது 62, 80, 78 வீதம். ஸ்பெயார் ஏற்கெனவே மொத்தப் புள்ளியில் சேர்ந்ததுதானே என்று கேட்பீர்கள். சேர்ந்ததுதான், அதனால்தான் அதை முதல் நாலு இடத்துக்குப் பாவிக்கவில்லை. சமமாக நிற்பவர்களைப் பிரிக்க மட்டும் பாவிக்கிறோம். ஆறாமவரும் ஏழாமவரும் உள்ளே, ஐந்தாமவர் முதல் மாற்று வீரர். இந்தக் காரணத்தை இதே எண்களோடு நாலு வரியில் எழுதிப் பட்டியலுக்குக் கீழே போட வேண்டும். ஐந்தாமவர் கோபப்படுவார். ஆனால் எதற்குக் கோபப்படுகிறார் என்பது அவருக்குத் தெரியும், அடுத்த மாதம் என்ன பழக வேண்டும் என்பதும் தெரியும்.

ஒற்றைப் பின் விதி முதலே அறிவித்ததாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. புள்ளி சரிசமமாகவே வந்தால் இரண்டு கேம் மேலதிகமாக ஆடவிடுங்கள். லீக் சராசரியை இதில் கலக்காதீர்கள். வெவ்வேறு மையம், வெவ்வேறு பூச்சு, வெவ்வேறு நாள், ஒப்பிடவே முடியாது.

6. குழுவில் யார்

மூன்று பேர். ஒற்றை எண்ணாக இருக்கட்டும், தகுதிகாண் போட்டியில் ஆடாதவர்களாக இருக்கட்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கொழும்புத் தமிழ் விளையாட்டு வட்டம் ஒரு சின்னக் கிராமம். வெள்ளவத்தையில் ஒருவரைத் தள்ளினால் கொட்டாஞ்சேனையில் அவருடைய மச்சான் விழுவார். உறவே இல்லாத மூவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அதனால் உறவை மறைக்காமல் எழுதிவிடுங்கள். மகள், மருமகன், தன்னிடம் பயிற்சி எடுப்பவர், தன் கீழ் வேலை செய்பவர் என்று ஒவ்வொருவரும் முதல் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். அவர்களைப் பற்றிப் பேசும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். "நான் இருக்கிறேன், பேசமாட்டேன்" என்பது போதாது. இருப்பதே ஒரு பேச்சு.

மூவரில் ஒருவர் பௌலிங்குக்கு வெளியே இருந்து வரட்டும். மேசைப்பந்தோ தடகளமோ நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார். ஸ்ட்ரைக்குக்கும் ஸ்பெயாருக்கும் வித்தியாசம் கேட்டுத்தான் தொடங்கினார். ஆனால் "இது விதியில் எங்கே இருக்கு, தம்பி?" என்று அவர் கேட்ட கேள்விக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக நடந்தோம்.

7. வர முடியாதவர்கள்

ஒரு நாள் மட்டும் விடலாம். அதற்கு மருத்துவச் சான்றிதழ், பரீட்சை அட்டை, மரண வீடு, வேலையிடக் கடிதம் ஆகிய நான்கில் ஒன்று. விட்ட நாளுக்கு மற்ற மூன்று நாளின் சராசரியைப் போடலாம். அவர் தானாக உள்ளே வரும் நால்வரில் ஒருவராக முடியாது, குழுத் தீர்ப்புக்குரிய இடங்களுக்கு மட்டும் போட்டியிடலாம். இரண்டு நாள் விட்டால், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், அடுத்த வருடம்.

8. அறிவிப்பும் மேன்முறையீடும்

முழுத் தாளையும் வெளியிடுங்கள். ஆடிய எல்லோரின் எல்லா கேமும், ஒற்றைப் பின் கணக்கும், குழுவின் நாலு வரிக் காரணமும் அதில் இருக்க வேண்டும். பட்டியலை மட்டும் போட்டால் மிச்சத்தைக் கன்டீனில் எழுதிவிடுவார்கள்.

மேன்முறையீட்டுக்கு 48 மணித்தியாலம். கூட்டல் பிழை, விதி மீறல் இரண்டுக்கு மட்டும். "என்னை எடுத்திருக்கலாம்" என்பது மேன்முறையீடு இல்லை. அதை விசாரிப்பவர் தெரிவுக்குழுவில் இல்லாத ஒருவராக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த ஒரே வெற்றிகரமான மேன்முறையீடு ஒரு கூட்டல் பிழை: 176ஐ யாரோ 167 என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது பின், ஒரு ஆள் மாறினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கேம் முடிவிலும் ஆடியவர் தாளில் கையெழுத்துப் போட்டே நகர வேண்டும் என்று வைத்தோம்.

நாட்டின் பெயரில் போகும் அணி என்றால் இதோடு முடியாது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் தேசிய அணிக்கு விளையாட்டு அமைச்சரின் அனுமதி வேண்டும். அதற்கான நாட்களையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணித்தான் தகுதிகாண் போட்டித் திகதி வைக்க வேண்டும். பாங்கொக்கில் 1978இல் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலேயே பௌலிங் வந்துவிட்டது. கோலாலம்பூரில் 1998இல் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவிலும் இருந்தது. இது ஏதோ கடைத்தொகுதிப் பொழுதுபோக்கு என்று நினைக்கும் அதிகாரிக்குக் கடிதம் எழுதும்போது இந்த இரண்டு வரியும் உதவும்.

9. மாற்று வீரர்கள்

வரிசையோடு மூன்று பேர்: முதல் மாற்று, இரண்டாம் மாற்று, மூன்றாம் மாற்று. இடம் காலியானால் வரிசைப்படி அழைப்பு போகும், குழு மீண்டும் கூடாது. இதை நான் ஒரு தரம் எழுதாமல் விட்டேன். பயணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அணியில் ஒருவரின் கடவுச்சீட்டுக்கு ஆறு மாதச் செல்லுபடி இல்லை என்று தெரியவந்தது. அன்று இரவு என் தொலைபேசிக்கு மூன்று வீட்டிலிருந்து அழைப்பு, மூன்றும் அம்மாமார். இப்போது பதிவுப் படிவத்தோடு கடவுச்சீட்டுப் பிரதியையும் வாங்கி, காலாவதித் திகதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைக்கிறேன்.